குழாய் வேலையும் படிப்புதான், சார்

ஞாயிற்றுக்கிழமை தக்கலைப் பக்கம் அந்தப் பால்காய்ச்சு வீட்டில் நடந்ததை உங்களில் பாதிப் பேர் ஏற்கெனவே கேள்விப்பட்டிருப்பீர்கள். நேற்றுவரை பதினோரு பேர் போனில் கூப்பிட்டு, "அண்ணே, விட்டுவிடுங்கள், பெரியவர் ஏதோ தெரியாமல் சொல்லிவிட்டார்" என்றார்கள். மூன்று நாள் விட்டுப் பார்த்தேன். மனசு ஆறவில்லை. எழுதுகிறேன்.

அவர் தெரியாமல் சொல்லவில்லை. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர். பந்தியில் உட்கார்ந்து சோறு பிசைந்துகொண்டிருந்த, என்னிடம் வேலை பழகுகிற பையனைப் பார்த்து, நாற்பது பேர் காதில் விழும்படி, "இவ்வளவு மார்க் வாங்கிய பிள்ளை, இந்தக் குழாய்க்காரனோடு ஏன் மக்களே சுற்றுகிறாய்? உன் அப்பா இருந்திருந்தால் இப்படி விட்டிருப்பாரா?" என்று கேட்டார். பருப்புதான் விட்டிருந்தார்கள், சாம்பார்கூட இன்னும் வரவில்லை. பையன் இலையை மடக்கிவிட்டு எழுந்து போனான். அவன் கைகழுவிய குழாய் அவன் கையாலேயே மாட்டியது. அப்படிப் போனவன் திங்கட்கிழமை வேலைக்கு வரவில்லை. நேற்றும் வரவில்லை. இன்றும் வரவில்லை.

என்னைக் குழாய்க்காரன் என்றதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகக் குழாய்க்காரன்தான். படிப்பு ஏறாதவனும் தோற்றவனும் வந்து விழுகிற பள்ளமாக என் தொழிலை அவர் நினைத்தாரே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இதுவும் படிப்புதான், சார். பாடப்புத்தகம் கிடையாது, அவ்வளவுதான்.

1997-இல் பத்தாம் வகுப்பு முடித்தேன். கணக்கில் 71. அப்பா குலசேகரத்தில் ரப்பர் பால்வெட்டு. மழைக்காலத்தில் பால்வெட்டு கிடையாது, அடுப்பும் சரியாக எரியாது. மார்த்தாண்டத்தில் ஓர் ஆசானிடம் கையாளாகச் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் ஒரு குழாயைக்கூடப் பொருத்த விடவில்லை. உளியும் சுத்தியலுமாகச் சுவர் கொத்துவேன், பைப் சுமப்பேன், சாக்கில் கொட்டிக் கிடக்கும் சாமான்களைப் பிரித்து வைப்பேன். எல்போ எது, டீ எது, நிப்பிள் எது, யூனியன் எது என்று கண்ணை மூடிக்கொண்டு தடவிச் சொல்லத் தெரிந்த பிறகுதான் ஆசான் என்னை டையை, அதாவது பைப்பில் மரை வெட்டுகிற கருவியைத் தொடவிட்டார்.

அந்த நாள் இன்றும் அப்படியே நினைவில் நிற்கிறது. முக்கால் இஞ்ச் ஜி.ஐ. பைப், துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். மரை போட வேண்டும். டையை அரைச் சுற்று முன்னே தள்ளி, கால் சுற்றுப் பின்னே இழுக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே சேரும் இரும்புச் சுருள் உடைந்து கீழே விழும். நான் அவசரத்தில், எண்ணெயும் விடாமல், ஒரே தம்மில் சுற்றினேன். மரையின் விளிம்பெல்லாம் பிய்ந்துபோனது. ஆசான் கட்டைவிரல் நகத்தை அதன்மேல் ஓட்டிப் பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. ஹாக்ஸாவை எடுத்து அந்த நுனியை அறுத்துப் போட்டுவிட்டு, "மறுபடி" என்றார். மூன்று முறை அறுத்தார். நான்காவது முறை நகம் தடங்கல் இல்லாமல் கரகரவென்று ஓடியது. பிறகு சணலைக் கொடுத்தார். சணலை மரை ஓடும் திசையில் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் முறுக்கும்போதே உருவிக்கொண்டு வெளியே வந்துவிடும். அன்றைக்கு எனக்குக் கூலி 30 ரூபாய். வீணான பைப்பின் விலையை ஆசான் தன் கையிலிருந்து கொடுத்தார். பரீட்சை என்றால் இதுதான் பரீட்சை. எந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைக்காக வாத்தியார் தன் காசைக் கொடுத்து நான்கு தடவை பரீட்சை வைத்திருக்கிறார்?

அதற்குப் பிறகும் படிப்பு முடியவில்லை. 2004-இல் வளைகுடா வேலைக்குத் திருவனந்தபுரத்தில் ட்ரேட் டெஸ்ட், அதாவது தொழில் தெரியுமா என்று பார்க்கிற தேர்வு. ஏழு வருட அனுபவம் இருக்கிறது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். ஒரு வரைபடத்தை மேசையில் வைத்து, இதன்படி செய் என்றார்கள். சாய்கோட்டில் வரைந்த படம். எது மேலே போகிறது, எது பக்கவாட்டில் திரும்புகிறது என்று எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தோற்றுத் திரும்பினேன். ஐ.டி.ஐ.யில் படித்த ஒரு தம்பியின் காலில் விழாத குறையாகக் கேட்டு, நான்கு மாதம் இரவில் அவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படம் படிக்கக் கற்றுக்கொண்டேன். என்னைவிட ஆறு வயது இளையவன். 2005-இல் மறுபடி போனேன், தேறினேன். எட்டு வருடம் அங்கே. போகும்போது ஹெல்பர் போல நின்றேன், வரும்போது ஃபோர்மேன். அந்தத் திண்ணை இல்லாவிட்டால் கடைசிவரை பைப் சுமந்திருப்பேன்.

அதனால்தான் என்னிடம் வருகிற ஒவ்வொரு பையனிடமும் முதலில் சொல்கிறேன்: பத்தாம் வகுப்பை முடித்துவிட்டு வா. பத்தாம் வகுப்பு தேறியவனுக்கு இன்று வளைகுடா போகக் குடிபெயர்வு அனுமதி (எமிகிரேஷன் கிளியரன்ஸ்) என்று அலைய வேண்டியதில்லை. ஐ.டி.ஐ.யில் பிளம்பர் பிரிவு ஒரு வருடம்தான், அதையும் படி. சான்றிதழ் உள்ளவனுக்கு வாசல் சீக்கிரம் திறக்கும். நான் படிப்புக்கு எதிரி என்று ஞாயிற்றுக்கிழமை பேசியவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

நாகர்கோவில் கோணம் பகுதியில் பொறியியல் கல்லூரியும் இருக்கிறது, அரசு ஐ.டி.ஐ.யும் இருக்கிறது. பிள்ளைகள் ஒரே பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள். ஒருவனிடம் "எந்த வருடம் படிக்கிறாய்?" என்று கேட்கிறோம். இன்னொருவனிடம் "ஏன், மார்க் குறைந்துவிட்டதா?" என்று கேட்கிறோம். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதம் எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடம் பிடித்த மாவட்டம் நம் கன்னியாகுமரி. எனக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் கையால் செய்யும் வேலையைக் கீழே பார்க்கத்தான் அந்தப் படிப்பு நமக்குச் சொல்லிக்கொடுத்ததா?

பையனைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று அவன் அம்மா கேட்டுக்கொண்டார். பிளஸ் டூவில் 600-க்கு 468. அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. யாரும் அவனை இழுத்து வரவில்லை, அவனாகத்தான் வந்து கேட்டான். அதே வீட்டில், அந்த வீட்டுக்காரர், மாடிக் குளியலறையில் கூரையிலிருந்து மழைபோலக் கொட்டுகிற பெரிய ஷவர் வேண்டும் என்று படம் காட்டினார். நான் தொட்டியின் உயரத்தை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் பையன் டேப்பை எடுத்து அளந்துவிட்டு, பூசிய சுவரில் பென்சிலால் எழுதத் தொடங்கினான். "மாமா, 10 மீட்டர் உயரத் தண்ணீருக்குத்தான் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம். இங்கே தொட்டிக்கும் ஷவருக்கும் 2 மீட்டர்தான். 0.2 கிலோ. இந்த ஷவர் 1 கிலோ கேட்கிறது. தண்ணீர் கொட்டாது, ஒழுகத்தான் செய்யும்." பிளஸ் ஒன் இயற்பியலில் படித்ததாம். பிரஷர் பம்ப் வைக்க வேண்டும் என்று வீட்டுக்காரருக்குப் புரிய வைத்தது அந்தப் பென்சில் கணக்குதான். அது இப்போது டைல்ஸுக்கு அடியில் இருக்கிறது. அவன் படித்தது வீணாய்ப் போய்விட்டது என்று பேசியவர்கள் அந்தச் சுவரைத்தான் பார்த்திருக்க வேண்டும்.

இந்த வேலை எளிது என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்றே ஒன்று. சுவருக்குள் பதிக்கும் டைவெர்ட்டரை (தண்ணீரைக் குழாய்க்கும் ஷவருக்கும் மாற்றிவிடுகிற வால்வை) எவ்வளவு ஆழத்தில் வைப்பது? டைல்ஸ் ஒட்டிய பிறகு சுவர் எங்கே வந்து நிற்கும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஒரு விரல்கடை உள்ளே போனால் கைப்பிடி எட்டாது, வெளியே வந்தால் மூடி உட்காராது. அப்போது டைல்ஸை உடைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. கழிவுக் குழாய்க்கு வாட்டம், அதாவது சரிவு, குறைந்தால் அடைக்கும், டிராப்பில் (கழிவுக் குழாயின் வளைவில்) நிற்கிற தண்ணீர் வற்றினால் வீடு நாறும். மலையோரத்தில் ஒரு மாதிரித் தண்ணீர், குளச்சல், முட்டம் பக்கம் போனால் உப்புக் காற்று இரும்பு கிளாம்பை அரித்துத் தின்றுவிடும். மூன்று வருடம் ஆகும் ஒரு பையன் தனியாக ஒரு வீட்டை எடுக்க. கொட்டேஷன் போடக் கற்றுக்கொள்ள இன்னும் இரண்டு வருடம். என் முதல் ஒப்பந்தத்தில் சாமான் கணக்கைத் தவறவிட்டு 14,000 ரூபாய் நஷ்டப்பட்டேன். மூன்று வருடமும் இரண்டு வருடமும் ஐந்து. எம்.பி.பி.எஸ். எத்தனை வருடம்?

"பிளம்பர்கள் சொன்ன நேரத்துக்கு வருவதில்லையே" என்று உடனே ஆரம்பிப்பீர்கள். உண்மைதான், பலர் வருவதில்லை. ஆனால் டாக்டர் வீட்டு வாசலில் மூன்று மணி நேரம் காத்துக் கிடந்துவிட்டு வணக்கம் சொல்லி வருகிறீர்களே, அங்கே யாரும் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

"வருமானம் நிலையில்லாதது, வயதானால் என்ன செய்வாய்?" இதில் நியாயம் இருக்கிறது. என் வலது முழங்கால் இப்போது முழுதாக மடங்குவதில்லை. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்தவர்களுக்கு 60 வயதுக்குமேல் ஓய்வூதியம் உண்டு, என்னோடு வேலை செய்கிற எல்லோரையும் பதிய வைத்திருக்கிறேன்.

"உன் பிள்ளையை இந்த வேலைக்கு விடுவாயா?" இதை மூன்று பேர் கேட்டார்கள். பதில் சொல்கிறேன். மகள் ஆசைப்பட்டாள், நர்சிங் சேர்த்தேன். மகன் ஒன்பதாம் வகுப்பு. அவன் கேட்டால் என் ஆசான் கொடுத்த அதே டையை அவன் கையில் கொடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை இரவு மனைவியிடமும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வேலையில் என்ன குறை? பந்தியில் இருந்து இப்படி எழுப்பிவிடுவார்களே, அதுதான் பயம்" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

வளைகுடாவில் என்னோடு ஒரே அறையில் ஒடிசாக்காரர் ஒருவர் இருந்தார். கேந்திரபாடா மாவட்டம். அந்த மாவட்டத்துக்காரர்கள் நம் நாட்டின் பெரிய நகரங்களில் எல்லாம் இந்த வேலையில் இருக்கிறார்கள். அங்கே பட்டாமுண்டையில் பிளம்பிங் சொல்லிக்கொடுக்கவே அரசு நிறுவனம் வைத்திருக்கிறார்கள். தன் ஊரில் பிளம்பர் மாப்பிள்ளை என்றால் பெண்வீட்டார் தேடி வருவார்கள் என்று அவர் சொல்வார். நான் சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குப் பெண் பார்க்கப் போனபோது "வெளிநாட்டில் வேலை" என்று மட்டும் சொல்லச் சொன்னார் என் சித்தப்பா.

எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறேன். எத்தனை வீடுகளில் நான் மாட்டிய கழிப்பறையை நானே பயன்படுத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள் தெரியுமா? காலையில் இருந்து மாலைவரை அந்த வீட்டில்தான் வேலை. "வெளியே தோட்டத்துப் பக்கம் போய்க்கொள்ளுங்கள்" என்பார்கள். முன்வாசல் வழியாக வராதே, பின்பக்கம் சுற்றி வா என்பார்கள். ஒரு வீட்டில் செப்டிக் டேங்கைத் திறந்து வைத்துவிட்டு, இறங்கி அடைப்பை எடுக்க முடியுமா என்று என்னிடம் வேலை செய்கிற பையன்களில் ஒருவனிடம் கேட்டார்கள், 500 ரூபாய் கூடுதலாகத் தருவார்களாம். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்கக் கூடாது என்று 2013-இலேயே சட்டம் வந்துவிட்டது. உள்ளே இருக்கிற விஷவாயு ஒரு மூச்சில் ஆளை விழ வைக்கும். அன்றைக்குச் சாமான்களைக் கட்டிக்கொண்டு எல்லோரும் வெளியேறினோம், பாக்கிக் கூலியையும் கேட்கவில்லை. என்னிடம் சேருகிற பையனுக்கு முதல் பாடம் இதுதான். டையும் மரையும் அதற்குப் பிறகு.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். நாள்கணக்கில் மின்சாரம் இல்லை, மோட்டார் ஓடவில்லை, மொட்டைமாடித் தொட்டிகள் உருண்டு கிடந்தன. அந்த நாட்களில் எத்தனை பேர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்! எல்லோரும் முன்வாசல் வழியாகத்தான் உள்ளே கூட்டிப் போனார்கள். டீயும் தந்தார்கள்.

சார், நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், உங்கள் மருமகன் என் நண்பர் பட்டியலில் இருக்கிறார். என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். செத்துப்போன அவன் அப்பாவை ஏன் பந்திக்கு இழுத்தீர்கள்? அவன் வீடு உங்கள் வீட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர். ஒரு நடை போய் அவனிடம் பேசுங்கள்.

அந்த வீட்டு வேலை இன்னும் முடியவில்லை. பிரஷர் பம்ப் நேற்றுத்தான் கடைக்கு வந்திருக்கிறது. மாடிக் குளியலறையில் அது மாட்டும்வரை ஷவர் கொட்டாது. வேலையை ஒப்புக்கொண்டவன் நான், வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குப் போவேன். பையனுக்குத் தகவல் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவன் வந்தால் இரண்டு பேரும் முன்வாசல் வழியாகத்தான் உள்ளே போவோம்.