ஷாம்பெயினைக் கண்டுபிடித்தது அந்தத் துறவியா?

பிரான்சின் ஷாம்பெயின் பகுதிக்குச் சுற்றுலா போகிறவர்களுக்கென்று ஒரு தகவல் சுற்றி வருகிறது: ஓவிலே மடத்துத் துறவி தோம் பெரின்யோன்தான் ஷாம்பெயின் என்னும் நுரைக்கும் ஒயினைக் கண்டுபிடித்தாராம், குடித்ததும் 'நட்சத்திரங்களைச் சுவைக்கிறேன்' என்றாராம். இரண்டுமே தவறு.

1668 முதல் 1715-இல் இறக்கும்வரை மடத்தின் ஒயின் கிடங்கு அவர் பொறுப்பில் இருந்தது. நுரை அப்போது ஒரு குறை. குளிரில் நின்றுபோன நொதித்தல் வசந்தத்தில் மறுபடி தொடங்கும். அடைத்து வைத்த புட்டிகள் படபடவென்று வெடிக்கும். அதைத் தவிர்க்கத்தான் அவர் பாடுபட்டார். பல தோட்டத்துத் திராட்சைகளைப் பக்குவமாகக் கலப்பதுதான் அவருடைய கைவண்ணம். சர்க்கரை சேர்த்து ஒயினை நுரைக்க வைப்பதைப் பற்றி லண்டனில் கிறிஸ்டோபர் மெரட் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1662-லேயே சொல்லிவிட்டார்.

அப்புறம் அந்த நட்சத்திர வசனம்? 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த ஒரு விளம்பரத்தின் சரக்கு அது. துறவியின் கல்லறை ஓவிலே தேவாலயத்தில் இருப்பது மட்டும் நிஜம். தாராளமாகப் போய்ப் பார்க்கலாம்.