எட்டு விளக்கும் எரிந்தால் போதுமா?

(சென்னையில் ஒரு மளிகைக் கடை. கல்லாவுக்கு மேலே ரவுட்டர். மாடிக் கிடங்கில் கணினி. இரண்டையும் இணைக்கும் ஈதர்நெட் கேபிளை வெல்ல மூட்டைக்குப் பின்னால் எலி கடித்துவிட்டது. அண்ணாச்சியே அதற்கு வைத்தியம் பார்த்து முடித்த பிறகு, நெட்வொர்க் வேலை பார்க்கும் முருகன் அழைக்கப்பட்டிருக்கிறான்.)

அண்ணாச்சி: வா தம்பி. வேலை முழுவதையும் நானே முடித்துவிட்டேன். இணையம் மட்டும்தான் ஒழுங்காக வரவில்லை.

முருகன்: இந்த இன்சுலேஷன் டேப் உருண்டைக்குள் என்ன இருக்கிறது, அண்ணாச்சி?

அண்ணாச்சி: எட்டுக் கம்பிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் பல்லால் உரித்து, அதனதன் அறுந்த மறுமுனையோடு முறுக்கி, ஒன்றோடொன்று உரசாதபடி தனித்தனியாக டேப் சுற்றியிருக்கிறேன். ஐயம் இருந்தால் உன் டெஸ்டரை மாட்டிப் பார்த்துக்கொள்.

(கேபிளைப் பல்லால் உரிக்காத ஒருவரை இதை எழுதுபவர் இன்னும் சந்தித்ததில்லை. கம்பிக்கு ஒன்றாக எட்டு விளக்குகள் உள்ள டெஸ்டரை முருகன் இரு முனைகளிலும் மாட்டுகிறான்.)

முருகன்: ஒன்று முதல் எட்டு வரை வரிசையாகத்தான் எரிகின்றன.

அண்ணாச்சி: எட்டு விளக்கும் எரிந்த பிறகு இணையத்துக்கு வேறு என்ன மரியாதை செய்ய வேண்டும்?

முருகன்: கம்பி இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அறுபடாமல் போகிறதா என்பது மட்டும்தான் இந்த டெஸ்டருக்குத் தெரியும், வழியில் அது என்ன பாடுபடுகிறது என்பது தெரியாது. இணையம் எப்போது நின்றுபோகிறது?

அண்ணாச்சி: ஐஸ்கிரீம் பெட்டியின் மோட்டார் ஓடத் தொடங்கும்போதெல்லாம் நின்றுவிடுகிறது. இரண்டுக்கும் ஏதோ பூர்வஜென்மப் பகை என்று நினைத்துக்கொண்டேன்.

முருகன்: (டேப்பைப் பிரித்து) ஐயோ, இரண்டிரண்டாக முறுக்கியிருந்த நான்கு ஜோடிகளையும் ஒரு முழ நீளத்துக்குப் பிரித்து நேராக்கி வைத்திருக்கிறீர்களே!

அண்ணாச்சி: உள்ளே எல்லாம் கோணல்மாணலாகப் பின்னிக் கிடந்தது. என் கடையில் ஒரு பருப்பு மூட்டையாவது கோணலாக நின்று பார்த்திருக்கிறாயா?

முருகன்: அந்தப் பின்னலில்தான் இருக்கிறது சூட்சுமம். ஜோடியில் ஒரு கம்பியில் போகும் சமிக்ஞைக்கு நேர் எதிரானது மற்றதில் போகிறது. இரண்டும் முறுக்கிக் கிடப்பதால் மோட்டாரின் இரைச்சல் இரண்டிலும் ஏறத்தாழச் சமமாகவே ஏறுகிறது. மறுமுனையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே எடுத்துக்கொள்வதால், சமமாக ஏறிய இரைச்சல் கழிந்துபோகிறது. பிளக் அடிக்கும் இடத்தில்கூட 13 மில்லிமீட்டருக்கு மேல் முறுக்கைப் பிரிக்கக் கூடாது என்பது கேட்-5இ என்ற ரகக் கேபிளுக்கான விதி.

அண்ணாச்சி: அரை அங்குலத்துக்கா ஒரு விதி? எடைக்கல் சோதனைக்கு வருகிறவர்களே இத்தனை கண்டிப்பாக இருப்பதில்லையே!

முருகன்: இன்னொன்று கேட்கிறேன். இந்த நான்கு வெள்ளைக் கம்பிகளிலும் வண்ணக் கோடு கண்ணுக்கே தெரியாமல் வெளிறிக் கிடக்கிறது. முறுக்கைப் பிரித்த பிறகு எந்த வெள்ளை எந்த நிறத்தின் ஜோடி என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

அண்ணாச்சி: எதிர்க்கடையில் டெஸ்டரை இரவல் வாங்கி, விளக்குகள் வரிசையாக எரியும் வரை மாற்றி மாற்றி முறுக்கினேன். விடிந்துவிட்டது. அது இருக்கட்டும், எட்டும் அவசியம்தானா?

முருகன்: 100 மெகாபிட் வேகத்துக்கு ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் போதும், 1000 மெகாபிட் வேண்டுமென்றால் நான்கு ஜோடிகளும் வேண்டும்.

அண்ணாச்சி: அப்படியானால் மீதி நான்கு கம்பிகளை இன்னொரு கணினிக்குக் கொடுத்து, ஒரே கேபிள் செலவில் இரண்டை ஓட்டலாமே?

முருகன்: (நீண்ட மௌனத்துக்குப் பிறகு) தொழிலில் இருப்பவன் வாயால் சொல்லக் கூடாதுதான், ஆனால் இரு முனைகளிலும் தனித்தனி பிளக் அடித்தால் ஓடத்தான் செய்யும். ஆயிரத்தை மட்டும் மறந்துவிட வேண்டும்.

அண்ணாச்சி: என் கணக்குப்பிள்ளை நூறு வேகத்தில் வேலை செய்தே நான் பார்த்ததில்லை, அவனுக்கு எதற்கு ஆயிரம்?

முருகன்: முதலில் இந்த ஒன்றைச் சரிசெய்வோம். கம்பிகளை இணைக்கும் சிறிய ஜங்ஷன் பாக்ஸ் ஒன்று வைத்து, முறுக்கை அதற்குள் இருக்கும் தகட்டின் வாய் வரை அப்படியே விட்டு, பஞ்ச் கருவியால் கம்பியை அழுத்தினால், பிளவுபட்ட அந்தத் தகடு மேலுறையைத் தானே கிழித்துக்கொண்டு உள்ளே இருக்கும் செம்பைக் கவ்விக்கொள்ளும். பல்லுக்கு அங்கே வேலையில்லை. (கத்தியால் கம்பியைச் சுரண்டுகிறான்.) அண்ணாச்சி, இங்கே பாருங்கள். மேலே செம்பு நிறம், சுரண்டினால் வெள்ளை.

அண்ணாச்சி: வெள்ளியா?

முருகன்: அலுமினியம். மேலே மெல்லியதாகச் செம்பு பூசியிருக்கிறார்கள். மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். சில தடவை வளைத்தால் ஒடிந்துவிடும். (வளைக்கிறான், ஒடிகிறது.) மிளகில் பப்பாளி விதையைக் கலப்பதைப் போன்ற வேலைதான் இது.

அண்ணாச்சி: என்ன அநியாயம்! காசை வாங்கிக்கொண்டு கலப்படத்தைக் கொடுக்கிறவன் நன்றாக இருப்பானா? (குரல் தணிகிறது.) மிளகைப் பற்றி இப்போது யார் கேட்டார்கள்?

முருகன்: உதாரணத்துக்குச் சொன்னேன். இதில் இணைப்புப் போட்டால் இன்று ஓடும், அடுத்த மாதம் பக்கத்திலேயே ஒடியும். முழுக் கேபிளையும் மாற்றிவிடலாம். எலி கடித்த இடம் குழாய்க்கு வெளியே இருப்பதால், குழாய்க்குள் இருக்கும் பழைய கேபிளின் வாலில் புதியதைக் கட்டி மாடியிலிருந்து மெதுவாக இழுத்தால், சுவரை உடைக்காமலே வேலை முடிந்துவிடும். 100 மீட்டர் தூரம் வரை கேபிள் போகலாம். உங்களுக்கு 20 மீட்டர் போதும்.

அண்ணாச்சி: பயன்படுத்தாத 80 மீட்டருக்குக் கழிவு உண்டா?

முருகன்: அது கேபிளின் வரம்பு அண்ணாச்சி, விலைப்பட்டியல் அல்ல.

அண்ணாச்சி: சரி, சுத்தச் செம்பாகவே போடு. ஆனால் உன் கத்தியை இங்கே வைத்துவிட்டுப் போ. புதுக் கேபிளை நானே சுரண்டிப் பார்த்த பிறகுதான் பணம்.

முருகன்: தாராளமாகச் சுரண்டுங்கள். அப்படியே எனக்கும் நூறு கிராம் மிளகு கட்டி, ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுங்கள். மிதக்கிறதா, மூழ்குகிறதா என்று பார்த்துவிட்டு நானும் பணம் தருகிறேன்.

அண்ணாச்சி: (கத்தியைத் திருப்பிக் கொடுத்தபடி) நமக்குள் சோதனை எல்லாம் எதற்கு, தம்பி? நீ கீழிருந்து கேபிளைக் கொடு. நான் மாடிக்குப் போய் இழுக்கிறேன்.