போலிச் சாமியாரைக் கேலி செய்தால் போதுமா?

இன்றைய இந்திய நாவல்களில் மதத்தைப் பகடி செய்கிறவர்கள் பெரும்பாலும் போலிச் சாமியாரோடு நின்றுவிடுகிறார்கள். காவி, ஆசிரமம், வெளிநாட்டுக் கார், கடைசியில் கைது. அந்த ஆளை பக்தருக்கும் பிடிக்காது, நாத்திகருக்கும் பிடிக்காது. படித்து முடிக்கும்போது யாருக்கும் எங்கேயும் சுடாது.

1943இல் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' சிறுகதையில் புதுமைப்பித்தன் கடவுளையே சென்னைக்கு வரவழைத்தார். கந்தசாமிப் பிள்ளை அவரிடம் தன் வைத்தியப் பத்திரிகைக்கு ஜீவிய சந்தா கேட்கிறார். சிவன் ஆடிக் காட்டினால், இதெல்லாம் நாட்டியமா என்று அனுப்பிவிடுகிறார்கள். அங்கே அடி கடவுளுக்கு விழவில்லை, நமக்கு விழுகிறது. பேரம் பேசிக் கும்பிடுகிற நம் பக்திக்கு. எனக்கு வேண்டியது அந்த மாதிரிப் பகடிதான்.

ஏன் இப்போது வருவதில்லை? திறமைக் குறைவு என்று நான் நம்பவில்லை. பயம்தான். திருச்செங்கோட்டுக் கோயில் திருவிழாவைத் தொட்டு எழுதிய பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' பகடி நாவல்கூட இல்லை. 2010இல் வந்த புத்தகத்தை 2014 கடைசியில் திருச்செங்கோட்டில் எரித்தார்கள், அப்புறம் கடையடைப்பு. 2015 ஜனவரியில் நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் 'அமைதிப் பேச்சுவார்த்தை' என்று கூப்பிட்டு, நிபந்தனையற்ற மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். அந்த ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்வதற்கு 2016 ஜூலை ஆகிவிட்டது. இதைப் பார்த்த இளம் எழுத்தாளர் எந்தத் தைரியத்தில் கோயிலைத் தொடுவார்? எந்த மதமானாலும் இதே கதைதான். இஸ்லாமை இழிவுபடுத்துகிறது என்ற எதிர்ப்பால் 1988இல் சல்மான் ருஷ்டியின் 'சாத்தானிக் வெர்சஸ்' நாவலுக்கு இறக்குமதித் தடை போட்டதை நாடே பார்த்தது.

சட்டம் இந்த அளவுக்கு மோசமில்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1927இல் வந்த 295ஏ பிரிவே, மத உணர்வைப் புண்படுத்த வேண்டும் என்ற திட்டமிட்ட தீய நோக்கம் இருந்தால்தான் குற்றம் என்றது; 2024இல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. ஆனால் வழக்குக்கு அலைவதே தண்டனையாகிவிடுகிறது. அதைவிடப் பெரிய ஆபத்து, நாவலைப் படிக்காமல் ஒரே ஒரு பக்கத்தைப் பரப்புகிறவர்கள். கேரளத்தில் வார இதழில் தொடராக வந்த எஸ். ஹரீஷின் 'மீச' நாவலில், கோயிலுக்குப் போகும் பெண்களைப் பற்றி இரண்டு பாத்திரங்கள் பேசிக்கொண்டதை எழுத்தாளரின் கருத்தாக்கிப் பரப்பினார்கள். குடும்பத்துக்கு மிரட்டல் வந்தது. 2018 ஜூலையில் அவரே தொடரை நிறுத்தினார். செப்டம்பரில் தடை கோரிய மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

அதனால் வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். இப்படி ஒரு பக்கம் உங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தால், அதைச் சொல்வது எந்தப் பாத்திரம், யாரிடம், எந்தச் சூழலில் என்று அங்கேயே கேளுங்கள். எழுத்தாளர் மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு ஆதரவுப் பதிவு போட்டு என்ன ஆகப்போகிறது?