இன்டர்பேஸை இணைத்துப் பார்த்தீர்களா?

ஒரு லேப்டாப்பைப் புகழ்ந்து ஒருவர் பேசும் காணொளியை இரண்டு நாட்களாக ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். இசைப் பதிவுக்கு மிகச் சிறந்த லேப்டாப்பாம். பதினெட்டு நிமிடம் பேசுகிறார். திரையின் நிறத்துக்கு ஆறு நிமிடம், கிராஃபிக்ஸ் கார்டுக்கு நான்கு நிமிடம், விசைப்பலகைக்கு அடியில் எரியும் விளக்குக்குக்கூட ஒரு நிமிடம். மைக்கின் ஒலியை எண்களாக மாற்றிக் கணினிக்குத் தரும் ஆடியோ இன்டர்பேஸ் என்ற பெட்டியை இணைத்து, மைக்கைச் செருகி, அரை நிமிடம் பதிவு செய்து காட்ட மட்டும் அவருக்கு மனம் வரவில்லை.

நான்தான் எங்காவது தவறவிட்டேனோ என்று மூன்று முறை பார்த்தேன். இல்லை.

"இசைக்கு வேகம் வேண்டும், இதில் வேகம் இருக்கிறது" என்கிறார். ஐயா, பதிவுக்கு முதலில் வேண்டியது நேரம் தவறாமை. இரண்டு மைக்குகளை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது ஒவ்வொரு மைக்கின் ஒலியையும் விநாடிக்கு 48 ஆயிரம் முறை அளந்து (ஓர் அளவு ஒரு சாம்பிள், அதற்கு 24 பிட்), பதிவு செய்தால் கேபிளில் ஓடுவது விநாடிக்கு 2.3 மெகாபிட். 2000ஆம் ஆண்டில் வந்த யூஎஸ்பி 2.0 இணைப்பே 480 மெகாபிட் தாங்கும். ஆனால் பஃபரை, அதாவது கணினி ஒரு தடவையில் எடுத்துக்கொள்ளும் ஒலித் துண்டை, 128 சாம்பிளில் வைத்தால், கணினி விநாடிக்கு 375 முறை தன் வேலையை முடித்துத் தந்தாக வேண்டும். ஒருமுறை, ஒரே ஒருமுறை, வைஃபை டிரைவர் (வைஃபையை இயக்கும் நிரல்) பிராசஸரைச் சற்றுக் கூடுதலாகப் பிடித்துவைத்துக்கொண்டாலும் 'டிக்' என்று ஒரு சத்தம் பதிவில் விழுந்துவிடும். எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கியிருந்தாலும் விழும். இது பெட்டியின் மேல் அச்சிட்டிருக்காது. இணைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். 2021இல் இதே போன்ற ஒரு காணொளியை நம்பித்தான் நானும் வாங்கினேன். அடுத்த ஆண்டு மணப்பாறைப் பக்கம் ஒரு கிராமத்துக்கு ஒப்பாரி பதிவு செய்யப் போனேன். பாட்டிக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். "வீட்டுக்குள் வேண்டாம் தம்பி, ஆகாது" என்று சொல்லிவிட்டு, என்னைக் கிணற்றடி மோட்டார் கொட்டகைக்கு அழைத்துப் போனார். சார்ஜரைச் செருகினால் ஹெட்போனில் 'ம்ம்ம்' என்று இரைச்சல், அங்கே எர்த் சரியில்லை. கழற்றிவிட்டுப் பேட்டரியில் ஓட்டினேன். அவர் முந்தானையை வாயருகே பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, செத்துப்போன தம்பியை நினைத்துப் பாடினார். ஒவ்வோர் அடியின் முடிவிலும் குரலை இழுத்து இறக்கி, மூச்சை உள்ளே வாங்குவார். அந்த மூச்சில்தான் பாட்டே இருந்தது. பதினோரு நிமிடம். அதில் முப்பத்தேழு இடங்களில் 'டிக்'. கணினிக்குக் கூடுதல் அவகாசம் தரும்படி பஃபர் 512இல் இருந்தும் விழுந்தது.

இன்னொரு முறை பாடுங்கள் என்று எந்த வாயால் கேட்பது? நான் கேட்கவில்லை. ஊருக்குத் திரும்பி, எந்த டிரைவர் தாமதம் செய்கிறது என்று காட்டும் லேட்டன்சிமான் நிரலை ஓட்டிப் பார்த்த பிறகுதான் குற்றவாளி வைஃபை டிரைவர் என்று தெரிந்தது. பாடும்போது வைஃபையை அணைத்திருந்தால் போதும். நான் நம்பி வாங்கிய காணொளியில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, அதைத்தான் சொல்கிறேன்.

"ஆப்பிளின் மேக் வாங்கினால் முடிந்தது" என்று உடனே வருவீர்கள். அதன் ஒலி அமைப்பு சீரானது, ஒத்துக்கொள்கிறேன். 2020இல் வந்த எம்1 மேக்புக் ஏரில் விசிறியே இல்லை, மைக்கைப் பக்கத்திலேயே வைக்கலாம். ஆனால் ரேமைப் பிறகு கூட்ட முடியாது. கையில் இருக்கும் பணத்தை எண்ணிக்கொண்டு வரும் பையனிடம் அதை மீறிய விலை சொல்வது ஆலோசனை ஆகாது. "கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் நல்லதுதானே?" எதற்கு நல்லது? சூடு கூடும், விசிறி இரையும், அந்த இரைச்சலும் சேர்ந்து பதிவாகும். "கையடக்க ரெக்கார்டர் கொண்டுபோயிருக்கலாமே?" ஆமாம், இப்போது கொண்டுபோகிறேன். அதற்காக லேப்டாப்பைப் பற்றிப் பொய் சொல்லலாம் என்று ஆகிவிடாது.

பொய் என்பது பெரிய வார்த்தை என்று நண்பர் ஒருவர் வருத்தப்பட்டார். இணைத்தே பார்க்காத ஒன்றைச் சிறந்தது என்று சொல்வதற்கு வேறு என்ன பெயர் வைப்பது? உண்மையில் ஒலி என்றாலே நம்மிடம் இதுதான் நிலை. கல்யாணத்தில் கேமராக்காரருக்கு மேடையையே ஒதுக்குகிறார்கள். ஒலிப்பதிவு செய்ய வந்தவனை ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் உட்காரவைக்கிறார்கள். படம் கலங்கினால் மறுபடி எடுக்கச் சொல்பவர்கள், குரல் உடைந்தால் "பரவாயில்லை, யாருக்குத் தெரியப்போகிறது" என்கிறார்கள். எனக்குத் தெரியும். அந்தப் பாட்டியின் பேத்திக்குத் தெரிந்தது. கோப்பை அனுப்பியபோது, "நடுநடுவில் ஏதோ தட்டுகிற சத்தம் வருகிறதே அண்ணா" என்றுதான் முதலில் கேட்டாள்.

நேற்று அக்கா மகன் அதே காணொளியை அனுப்பி, "மாமா, இதையே வாங்கிவிடலாமா?" என்று கேட்டான். கோயில் திருவிழாக்களில் நாகசுரமும் தவிலும் பதிவு செய்ய ஆசைப்படுகிறான், பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த பணம். ஞாயிற்றுக்கிழமை அவனோடு கடைக்குப் போகிறேன். பையில் இன்டர்பேஸ், மைக், கேபிள், இன்டர்பேஸின் டிரைவர் ஏற்றிய பென்டிரைவ். சார்ஜரைக் கழற்றி, வைஃபையை ஓடவிட்டு, அரை மணி நேரம் பதிவு செய்து கேட்போம். கடைக்காரர் முடியாது என்றால் அடுத்த கடை.