டிராவலரில் மரம் அழகுக்கு இல்லை

மோரிஸ் மைனர் டிராவலர் என்ற பழைய பிரிட்டிஷ் காரின் மரச்சட்டத்தை அலங்காரம் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள், அது சரியில்லை. 1953 முதல் 1971 வரை வந்த அந்த வண்டியின் பின்பாதியைத் தாங்குவதே ஆஷ் மரச்சட்டம்தான். அலுமினியத் தகடுகள் அதன்மேல் பொருத்தியவை. பிரிட்டனில் சாலைத்தகுதிச் சோதனைக்குப் போனால், அந்த மரம் இற்றிருந்தாலே வண்டி தேறாது. எவ்வளவு நல்ல வண்டிகள் இப்படிக் கவனிப்பில்லாமல் வீணாகின்றன!

வாங்குகிறவர்கள் ஜன்னல் கண்ணாடி நகரும் தடத்தின் அடியை முதலில் பாருங்கள். தண்ணீர் தேங்குவது அங்கேதான். வார்னிஷுக்கு அடியில் கறுத்திருந்தால் கூர்முனையால் குத்திப் பார்க்க வேண்டும். மெத்தென்று உள்ளே இறங்கினால் தயவுசெய்து பட்டி பூசி மறைக்காதீர்கள், கட்டையையே மாற்றுங்கள். புதுக் கட்டையைப் பசை போட்டு இறுக்குவதற்கு முன்பே பின்கதவுகளை மாட்டி இடைவெளி பார்த்துவிடுங்கள். பசை காய்ந்தபின் கோணலை எடுப்பது பெரும்பாடு.