பாட்டும் ஒரு ரெஃபரன்ஸ்தான்

ஸ்கேல் மாடல், அதாவது நிஜ வண்டியை அளவு குறைத்து அச்சு அசலாகச் செய்வது, அதைச் செய்கிறவர்களிடம் "வேலை செய்யும்போது என்ன பாட்டு கேட்பீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "ஏதாவது ஓடிட்டிருக்கும்" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். ஆப்பைத் திறந்து ஷஃபிளில் போட்டுவிட்டு, கட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறோம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஒரு லாரியின் ஹெட்லைட் வட்டமா சதுரமா என்று நாள்கணக்கில் வாதம் செய்கிறோம். பழைய கேட்டலாக் தேடுகிறோம், பெயின்ட் நம்பர் சரிபார்க்கிறோம், எங்கோ யாரோ எடுத்த மங்கலான போட்டோவைப் பெரிதாக்கிப் பார்க்கிறோம். அந்த வண்டிக்குள் என்ன பாட்டு ஓடியது என்பதை மட்டும் யாரும் தேடுவதில்லை. பாட்டும் ரெஃபரன்ஸ்தான் என்பது என் கட்சி.

அமெரிக்க கார் கிட் (பாகங்கள் பெட்டியில் வரும், நாமே ஒட்டிக் கட்ட வேண்டும்) கட்டுபவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பீச் பாய்ஸ் குழு 1963இல் "லிட்டில் டூஸ் கூப்" என்று ஒரு பாட்டு போட்டார்கள். 1932ஆம் வருட ஃபோர்டு காரைப் பற்றிய பாட்டு. பிரையன் வில்சனோடு சேர்ந்து எழுதியவர் ரோஜர் கிறிஸ்டியன், லாஸ் ஏஞ்சல்ஸில் ரேடியோ அறிவிப்பாளர், கார் பைத்தியம். அதனால் பாட்டு முழுக்க மெக்கானிக் பேச்சுதான். ஃபிளாட்ஹெட் எஞ்சின், அதில் என்னென்ன வேலை பார்த்திருக்கிறது, கிளட்ச் என்ன, கியர் எத்தனை, எல்லாம் வந்துவிடும். ஃபோர்டு கம்பெனி 1932இல் கொண்டுவந்த வி8 எஞ்சின்தான் அந்த ஃபிளாட்ஹெட். வால்வுகள் பிளாக்கிலேயே உட்கார்ந்துவிடுவதால் மேல்மூடி தட்டையாக இருக்கும். ஏஎம்டி கம்பெனி 1958இல் ஆரம்பித்த த்ரீ-இன்-ஒன் கிட்டுகளில் ஒரே பெட்டியில் மூன்று விதமாகக் கட்டப் பாகங்கள் வரும். அப்படி ஒரு பெட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு எதை மாட்டுவது, எதை விடுவது என்று முழிக்கும் நேரத்தில் இந்தப் பாட்டைக் கேட்டால் போதும், 60களின் கலிஃபோர்னியப் பையன் ஒருவன் எதை மாட்டியிருப்பான் என்று தெரிந்துவிடும். பளபளவென்று பிற்கால எஞ்சினைத் திணித்துவிட்டு அதை 60களின் கார் என்று சொல்லிக்கொள்ள மனசு வராது.

லாரி கட்டுபவர்களுக்கு இதைவிட நல்ல பாட்டு ஒன்று இருக்கிறது. சி. டபிள்யூ. மெக்கால் பாடிய "கான்வாய்". 1975இல் வெளியாகி, 1976 ஜனவரியில் அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது. பாட்டின் ஆரம்பத்திலேயே மூன்று வண்டிகள் வந்துவிடும்: மரம் ஏற்றிய கென்வொர்த், குளிர்பெட்டி இழுக்கும் மூக்கில்லாத பீட்டர்பில்ட், பன்றி ஏற்றிய ஜிஎம்சி. ஆனால் நான் இதை ரெஃபரன்ஸ் என்று சொல்வதற்குக் காரணம் வண்டிகளின் பெயர் மட்டும் இல்லை. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1974இல் அமெரிக்கா முழுவதும் மணிக்கு 55 மைல் என்று வேக வரம்பு கொண்டுவந்தார்கள். போலீஸ் எங்கே நிற்கிறது, டீசல் எங்கே கிடைக்கிறது என்று டிரைவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள சிபி ரேடியோ வாங்கி மாட்டினார்கள். அந்த ரேடியோப் பேச்சுதான் அந்தப் பாட்டு. அப்படியென்றால் 70களின் நடுவில் ஓடிய நெடுந்தூர லாரியை மாடலாகச் செய்கிறவர் பக்கக் கண்ணாடியைத் தாங்கும் கம்பிகளில் சிபி ஆன்டெனா வைக்க வேண்டாமா? கிடாரின் மெல்லிய கம்பியை வெட்டி ஒட்டினால் நேராக நிற்கும். எத்தனையோ அழகான பீட்டர்பில்ட் மாடல்களைப் பார்க்கிறேன், குரோம் மின்னுகிறது, பெயின்டில் ஒரு தூசி இல்லை, ஆன்டெனா மட்டும் இருக்காது. பாட்டு கேட்டிருந்தால் இருந்திருக்கும்.

ஜப்பானில் இதை யாரும் சொல்லித்தர வேண்டியதே இல்லை. விளக்கும் ஓவியமுமாக ஜோடித்த டெக்கோடோரா லாரிகளை வைத்து 1975 முதல் 1979 வரை பத்து சினிமா வந்தது. அயோஷிமா கம்பெனி அந்த வகை லாரிகளை 1/32 அளவில், அதாவது நிஜத்தில் 32இல் ஒரு பங்காக, கிட்டாகப் போடுகிறது. நெஞ்சை உருக்கும் எங்கா என்ற ஜப்பானியப் பாட்டு வகை இல்லாமல் அந்த லாரியைக் கற்பனை செய்யவே முடியாது.

சரி, நம்ம லாரிக்கு வருகிறேன். எனக்கு முக்கியம் இதுதான்.

நாமக்கல் லாரிக்குக் கடையில் கிட் வாங்க முடியாது. சன்போர்டு (லேசான பிளாஸ்டிக் பலகை), ஸ்டைரீன் ஷீட் (மெல்லிய பிளாஸ்டிக் தகடு), ஐஸ் குச்சி என்று நாமே வெட்டி ஒட்ட வேண்டியதுதான். நிஜ லாரியும் ஏறக்குறைய அப்படித்தான் பிறந்தது. கம்பெனியிலிருந்து சேஸும் எஞ்சினும் முன்முகப்பும் மட்டும் வரும். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பட்டறைகளில்தான் கேபினும் பாடியும் கட்டுவார்கள். அதனால் ஒரு லாரி மாதிரி இன்னொரு லாரி இருக்காது. வெளிப்புறத்துக்காவது பழைய போட்டோக்கள் கிடைக்கும். 80களில் லாரி கேபினுக்குள் நின்று போட்டோ எடுத்தவர்கள் எத்தனை பேர்?

எங்கள் மாமா லேலண்ட் லாரியில் பம்பாய் லைன் ஓடினவர். நான் 1/24 அளவில் அந்தக் காலத்து லேலண்ட் ஒன்று கட்டிக்கொண்டிருந்தபோது அவரிடம் கேபின் பற்றிக் கேட்டால், "என்ன இருக்கும் மாப்ள, ஸ்டியரிங், சீட்டு, சாமி படம்" என்று முடித்துவிடுவார். நினைவில்லாமல் இல்லை, நினைவை எடுத்துக்கொடுக்க ஒன்று வேண்டியிருந்தது. இளையராஜாவின் 80கள் பாட்டுகளை அவர் காலத்து வரிசையில் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன். ரெண்டு பாட்டு தாண்டியதும் அவராகவே ஆரம்பித்தார்.

"டேப்ப எங்க வெக்கப் போற? டேஷ்போர்டுலயா? அங்க வெச்சா எஞ்சின் சூட்டுல நாடா இழுத்துக்கும் மாப்ள. மேல வெய்யி, தலைக்கு மேல."

அப்புறம் கொட்டியது எல்லாம். ஸ்பீக்கருக்குத் தச்சரிடம் சொல்லிச் செய்த மரப்பெட்டி. குலுங்காமல் இருக்க டேப்புக்கு அடியில் வைத்த பழைய டியூப் துண்டு. லாரியில் 24 வோல்ட், டேப்புக்கு 12 வோல்ட் போதும் என்பதால் இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் தனியாக இழுத்த ஒயர், "அதனால அந்த பேட்டரிதான் மொதல்ல போகும்". ஊரில் ரெக்கார்டிங் சென்டரில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கிய 60, 90 நிமிஷக் கேசட்டுகள். தும்கூர் தாண்டினால் தமிழ்ப் பேச்சே காதில் விழாது, கிளீனர் பையனும் தூங்கிவிட்டால் டேப் ஒன்றுதான் துணை என்றார். திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களை நினைத்துக்கொண்டேன். போர்வெல் போட வடக்கே போனால் மாதக்கணக்கில் திரும்பாதவர்கள். அவர்களுக்கு அந்த கேசட்டுகள் எவ்வளவு பெரிய சொத்தாக இருந்திருக்கும்!

இது ஒன்றுகூட எந்தப் போட்டோவிலும் எனக்குக் கிடைக்காதது. கேசட்டின் நிஜ அளவு சுமார் 100க்கு 64 மில்லிமீட்டர், தடிமன் 12. அதை 24ஆல் வகுத்தால் 4.2க்கு 2.7, தடிமன் அரை மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் ஸ்டைரீன் ஷீட்டில் கீறி உடைத்து ஒரு அடுக்கு கேசட் செய்து ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினேன். மெல்லிய செப்புக் கம்பிக்குக் கறுப்பு அடித்து, பேட்டரிப் பெட்டியிலிருந்து சேஸ் ஓரமாகக் கேபினுக்குள் கொண்டுபோனேன்.

இன்னொன்றும் கவனித்தேன். பாட்டு ஓடும்போது அவருடைய வலது கை மேசை விளிம்பில் தானாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. லாரியில் அந்தக் கை எங்கே இருந்திருக்கும்? ஜன்னலுக்கு வெளியே, கதவின் மேல். வருஷக்கணக்கில் அந்தக் கை, மோதிரத்தோடு, ஒரே இடத்தில் தட்டியிருக்கும். வலது கதவில் ஜன்னலுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் பெயின்டைத் தேய்த்து அடியில் இருக்கும் பிரைமரைக் காட்டினேன். துருவையும் சேற்றையும் கண்ட இடத்தில் தெளிப்பதை வெதரிங் என்று சொல்லிக்கொள்கிறோம். ஒவ்வொரு தேய்மானத்துக்கும் பின்னால் ஒரு ஆள் இருக்க வேண்டும். அந்த ஆளை எனக்குக் காட்டியது பாட்டு.

சன்போர்டில் அரசுப் பேருந்து செய்யும் தம்பிகளுக்கும் இதைத்தான் சொல்வேன். அவர்கள் கைவேலையைப் பார்த்து நான் பிரமித்துப் போயிருக்கிறேன், படிக்கட்டுக் கைப்பிடி முதல் டிக்கெட் விலைப் பலகை வரை செய்கிறார்கள். ஆனால் சேரன், பாண்டியன், திருவள்ளுவர் என்ற போக்குவரத்துக் கழகப் பெயர்களெல்லாம் 1997இல் போய்விட்டன. சேரன் பேருந்து செய்துவிட்டு இந்த வருஷத்து ஹிட் பாட்டை ரீல்ஸில் சேர்க்காதீர்கள். செய்யும்போதே அந்த வருஷங்களின் பாட்டைக் கேளுங்கள். சீட் ரெக்சின் என்ன நிறம், ஜன்னல் ஷட்டர் எப்படி இருந்தது என்று வீட்டுப் பெரியவர்கள் தாங்களாகவே வந்து சொல்வார்கள்.

எல்லா நேரமும் வண்டியின் பாட்டுதான் ஓட வேண்டும் என்று சொல்லவில்லை. இன்ஸ்ட்ரக்ஷன் தாளைப் படிக்கும்போது வரிகள் உள்ள பாட்டு, அதுவும் தமிழ்ப் பாட்டு, ஆகவே ஆகாது. மனசு பாட்டோடு போய்விடும், கண் ஒரே எண்ணைச் சுற்றிச் சுற்றி வரும். அந்தக் கட்டத்துக்கு நான் வைத்திருப்பது ராஜாவின் "ஹவ் டு நேம் இட்" (1986), "நத்திங் பட் விண்ட்" (1988) இரண்டும். ஒன்றில் வி. எஸ். நரசிம்மனின் வயலின், மற்றதில் ஹரிபிரசாத் சௌராஸியாவின் புல்லாங்குழல். உப்புத்தாள் தேய்க்கும் வேலைக்கு மாண்டலின் ஸ்ரீநிவாஸ். சொரசொரப்பான 400ஆம் நம்பர் தாளில் ஆரம்பித்து நைசான 1000 வரை பொறுமையாகப் போக அந்த வேகம் பொருந்துகிறது. கத்தி பிடிக்கும்போது குத்துப்பாட்டு வேண்டாம், விரலுக்கு நல்லதில்லை.

ஸ்பிரே அடிக்க எனக்குப் பிடித்தது கிராஃப்ட்வெர்க் குழுவின் "ஆட்டோபான்". 1974இல் வந்தது. ஜெர்மன் நெடுஞ்சாலைப் பயணத்தை அப்படியே இசையாக்கியது. கார்க் கதவு சாத்தி, எஞ்சின் கிளம்பும் சத்தத்தில் தொடங்கி 22 நிமிஷத்துக்கு மேல் ஓடும், பழைய இசைத்தட்டில் ஒரு பக்கம் முழுக்க அதுதான். அட்டை ஓவியத்திலேயே ஒரு ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார் போகும். டாமியாவின் 1/24 அளவு 1966 பீட்டிலுக்கு நான் பெயின்ட் அடித்தது இதைக் கேட்டுத்தான். மெல்லிய ஒரு கோட் அடித்துவிட்டு உட்கார்ந்தால் பாட்டு முடியும் வரை கை நீட்டிச் சரிசெய்யத் தோன்றாது, முடியும்போது அடுத்த கோட்டுக்குப் பதமாகக் காய்ந்திருக்கும். அந்த இசையில் இருக்கும் சுத்தத்தைக் கேட்ட பிறகு அந்தக் காரில் சேறு பூச எனக்கு மனம் வரவில்லை. ஷோரூமிலிருந்து எடுத்து வந்தது மாதிரியே விட்டுவிட்டேன். சென்னையில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம், நவம்பர் மழையில் லாக்கர் வகைப் பெயின்ட் அடித்தால் என்ன பாட்டு போட்டாலும் பெயின்ட் வெள்ளை பூத்துவிடும். காற்றில் ஈரம் குறையும் வரை பொறுங்கள்.

ஒரு விஷயத்தில் நான் கறாராக இருக்கிறேன். மேசையில் ஹெட்போன் கூடாது. சின்ன ஸ்பீக்கரில் மெதுவாக வைத்துக் கேளுங்கள். பக்கக் கண்ணாடியோ வைப்பரோ ட்வீசரிலிருந்து தெறித்தால், "டிக்" என்று அது விழும் சத்தம்தான் எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று சொல்லும். இணைப்புக் கோட்டைக் கத்தியால் சுரண்டும்போது, கோடு மறைந்ததும் சுரண்டும் சத்தம் மாறும். அதைக் காதால்தான் பிடிக்க வேண்டும். ஸ்பிரேக்குக் காற்று தரும் கம்ப்ரஸர் ஓடும்போது பாட்டு சரியாகக் கேட்காதுதான். அதற்காகச் சத்தத்தைக் கூட்டாமல், பெயின்ட் காயும் இடைவேளைகளில் கேளுங்கள்.

பாட்டே வேண்டாம், அமைதிதான் தியானம் என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. அவர்கள் கட்டுவது சுத்தமாக இருக்கிறது, கோடு கோடாக ஒழுங்காக இருக்கிறது, அதை மதிக்கிறேன். ஆனால் அந்த வண்டிகளில் பல, டிரைவர் இன்னும் ஏறாத வண்டிகளாகத்தான் எனக்குத் தெரிகின்றன. சாலையில் ஓடிய வண்டிதான் வேண்டும் என்றால், அதை ஓட்டியவர் காதில் என்ன விழுந்தது என்று தேடித்தான் ஆக வேண்டும்.

அடுத்து மேசைக்கு வரப்போவது 60களின் பெட்ஃபோர்டு லாரி, மூக்கு வைத்தது. கேபினில் டேப் வருவதற்கு முந்தைய காலம். டீக்கடை வாசலில் வண்டியை நிறுத்தினால் காதில் விழும் ரேடியோ, கோயில் திருவிழா குழாய் ஸ்பீக்கர், கிளீனர் தானே பாடிக்கொண்டு வந்தது, இப்படித்தான் இருந்திருக்கும். உங்கள் வீட்டில் அப்பா, தாத்தா, பெரியப்பா யாராவது அந்தக் காலத்தில் லாரியில் போனவர்கள் இருந்தால், வழியில் எந்த ஊர்க் கடையில் நிறுத்துவார்கள், அங்கே என்ன பாட்டு ஓடும் என்று கேட்டுக் கமென்ட்டில் எழுதுங்கள். லிஸ்ட் தயாரானதும்தான் ஷீட்டில் முதல் கோடு போடப்போகிறேன்.