போலீஸ் பேசியது, நாம் கேட்டோம். நாம் கேட்டதற்குப் பதில்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கோலாலம்பூரில் நான் குடியிருக்கும் பிளாட்டின் மண்டபத்தில் போலீசாரோடு ஒரு சந்திப்பு நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, நாசி லெமாக் பொட்டலமும் தே தாரேக்கும் வைத்திருந்தார்கள். வந்த அதிகாரி தன்மையாகத்தான் பேசினார். போன் மோசடியில் எப்படி ஏமாறாமல் இருப்பது என்று முக்கால் மணி நேரம் விளக்கினார். பயனுள்ள பேச்சு, குறை சொல்ல மாட்டேன்.

கேள்வி நேரத்தில் பதினோராம் மாடி அக்கா எழுந்து நின்றார். கேட்க வேண்டியதை மளிகைச் சீட்டின் பின்பக்கத்தில் மலாயில் எழுதி வைத்திருந்தார். சீட்டைப் பிடித்திருந்த கை நடுங்கியது. "துவான், என் மகன் இரவு வேலை முடிந்து மோட்டாரில் வருகிறான். இந்த மாதம் மட்டும் மூன்று தடவை நிறுத்திப் பையைக் கொட்டிப் பார்த்திருக்கிறார்கள். எதற்கென்று ஒருவரும் சொல்லவில்லை. பின்பக்கப் படிக்கட்டில் போதைப் பொட்டலம் விற்கிறவனை ஏன் யாரும் நிறுத்துவதில்லை?"

மண்டபமே அமைதியாகிவிட்டது. "கூட்டம் முடிந்ததும் என்னைத் தனியாக வந்து பாருங்கள்" என்றார் அதிகாரி. முடிந்ததும் எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அவருக்கு அடுத்த நிகழ்ச்சிக்கு நேரமாகிவிட்டது. அக்கா சீட்டை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு லிஃப்டுக்குப் போனார்.

அன்றிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. அந்த அதிகாரி மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஒரு தாய் கேட்ட கேள்வியை வாங்கி எழுதி வைத்து, அடுத்த மாதம் வந்து பதில் சொல்ல வைக்க, போலீசோடு பேசும் வட்டார மக்கள் குழு ஒன்று இந்த ஊரில் இல்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

"அக்கம்பக்கத்தார் சேர்ந்து காவல் பார்க்கும் ருக்குன் தெத்தாங்கா இருக்கிறதே" என்பீர்கள். நானும் அதில் ஆறு வருஷம் ரோந்து போனவன். 1975ல் தொடங்கிய திட்டம் அது, 2012ல் அதற்கென்று தனிச் சட்டமும் வந்தது. அதை நான் மதிக்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் விளக்கோடு சுற்றும்போதுதான் பக்கத்து பிளாக் சீனப் பெரியவரும் மலாய்த் தம்பியும் எனக்குப் பழக்கமானார்கள். ஆனால் அங்கே நமக்குக் கொடுத்திருப்பது கண்ணுக்கும் காதுக்கும் காலுக்கும் வேலை. வாய்க்கு அங்கே வேலை இல்லை. எந்தப் படிக்கட்டைக் கவனிக்க வேண்டும், யாரை நிறுத்த வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்று போலீசிடம் கேட்கவோ சொல்லவோ அதில் வழி கிடையாது.

போலீசுக்குத் துணைபோவது வேறு, போலீசுக்கு ஆலோசனை சொல்வது வேறு. இதைக் குழப்பிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டைப் பாருங்கள். 1993ல் ராமநாதபுரத்தில் 'போலீஸ் நண்பர்கள்' என்று ஒரு திட்டம் தொடங்கியது. மக்களும் போலீசும் நெருங்க வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் அப்பாவும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்தபோது, அந்தத் தொண்டர்கள் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. அடுத்த மாதமே அரசு திட்டத்துக்குத் தடை போட்டது. ஊர்க்காரனுக்குப் போலீஸ் பக்கத்தில் இடம் கொடுத்தால் மட்டும் போதாது. போலீசுக்கு எதிரே உட்கார்ந்து கேட்கும் இடம் வேண்டும்.

இங்கிலாந்தில் இதைக் கற்றுக்கொள்ள ஒரு கலவரம் தேவைப்பட்டது. 1981 ஏப்ரலில் லண்டன் பிரிக்ஸ்டனில், வட்டாரத் தலைவர்கள் யாரையும் கலந்துபேசாமல், சில நாட்களுக்குள் 900க்கும் மேற்பட்டவர்களைத் தெருவில் நிறுத்திச் சோதனை போட்டார்கள். பலர் கறுப்பின இளைஞர்கள். ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்த இடம் பற்றி எரிந்தது. அதை விசாரித்த ஸ்கார்மன் பிரபுவின் அறிக்கைக்குப் பிறகு, வட்டார மக்களின் கருத்தைக் கேட்க போலீஸ் நிர்வாகம் ஏற்பாடு செய்தே ஆக வேண்டும் என்று 1984ல் சட்டம் வந்தது. அப்புறம் இன்னொன்றும் வந்தது. பயிற்சி பெற்ற பொதுமக்கள் இருவர் இருவராக, முன்கூட்டிச் சொல்லாமல் லாக்கப்புக்குப் போய், உள்ளே இருப்பவர்களிடம் "சாப்பிட்டாயா, மருந்து கொடுத்தார்களா, வீட்டுக்குத் தகவல் போனதா" என்று கேட்கலாம். இன்றும் அங்கே அது நடக்கிறது.

இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. லாக்கப் என்ற சொல்லைக் கேட்டாலே நம் வீடுகளில் வயிற்றைப் பிசையும். 2009 ஜனவரியில் காவலில் இறந்த குகனுக்காக அவருடைய தாயார் வழக்குப் போட்டு, 2013ல்தான் உயர் நீதிமன்றம் 801,700 ரிங்கிட் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. பிள்ளையை இழந்தவர் பதிலுக்கு நான்கு வருஷம் காத்திருந்தார். முன்னாள் தலைமை நீதிபதி துன் முகமது சைடின் தலைமையிலான அரச ஆணையம் 2005ல் 125 பரிந்துரைகளைக் கொடுத்தது. போலீஸ் மீதான புகார்களுக்குச் சுதந்திர ஆணையம் வேண்டும் என்பது அதில் முக்கியமானது. பல இழுபறிக்குப் பிறகு, வலு குறைந்த ஓர் ஆணையம் 2023 ஜூலை 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அது விசாரிக்கலாம், தண்டிக்க முடியாது. அதுவும் காயம் பட்ட பிறகு போகிற இடம். நான் கேட்பது காயம் படுவதற்கு முன்னால் பேசுவதற்கு ஓர் இடம்.

கோலாலம்பூர்க்காரர்களுக்கு இது இன்னும் அவசியம். போலீஸ் கூட்டரசின் கையில். நம் டத்தோ பண்டார், அதாவது மேயர், நியமனம் ஆனவர். நாடு முழுக்க ஊராட்சித் தேர்தல் 1965ல் நின்றது, நம் ஊரில் அதற்கும் முன்பே நின்றது நின்றதுதான். மற்ற மாநிலத்தாருக்குச் சட்டமன்ற உறுப்பினராவது உண்டு, நமக்கு அதுவும் இல்லை. நாடாளுமன்றத்துக்கு ஒரே ஓட்டு, அவ்வளவுதான். படிக்கட்டில் நடப்பதைச் சொல்ல நாடாளுமன்றம் வரையா போக முடியும்?

சரி, அந்தக் குழு எப்படி இருக்க வேண்டும்? கட்சிக்காரர் நியமிக்கக் கூடாது. கோயில் தலைவர், சூராவ் என்னும் சிறு பள்ளிவாசலின் தலைவர், கடைக்காரர் இருக்கட்டும், ஆனால் வாடகைக்கு இருப்பவரும், இரவு வேலை பார்க்கும் பெண்ணும், 25 வயதுக்குக் கீழே இரண்டு பேரும் கட்டாயம் இருக்க வேண்டும். தெருவில் நிறுத்தப்படுகிறவர்கள் அந்த வயதுப் பையன்கள்தானே. போலீஸ் நிலையத் தலைவர் கூட்டத்துக்கு வந்தே ஆக வேண்டும். போன கூட்டத்துக் கேள்விக்கு இந்தக் கூட்டத்தில் எழுத்தில் பதில் தர வேண்டும். முடியாது என்றால் ஏன் முடியாது என்று எழுத வேண்டும். அதை மலாய், தமிழ், சீனம் மூன்றிலும் லிஃப்ட் பக்கத்தில் ஒட்ட வேண்டும். தனி வழக்கில் குழு தலையிடக் கூடாது, இதில் நான் கண்டிப்பு.

என் மனைவி ஒன்று கேட்டாள். "பெயர் சொல்லிக் கேட்டால், அதே லிஃப்டில் அந்தக் கும்பலோடுதானே அந்த அக்கா ஏற வேண்டும்?" நியாயமான பயம். அதனால் கேள்வி குழுவின் பெயரில்தான் போக வேண்டும், கேட்டவர் பெயர் எங்கேயும் பதிவாகக் கூடாது. மாலை போட்டு, படம் எடுத்து, மறந்துபோகும் இன்னொரு குழுவாகிவிடும் என்று நண்பர்கள் சொல்வதையும் நான் மறுக்கவில்லை. நிறைய பார்த்துவிட்டோம். எழுத்தில் பதில் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது அதற்காகத்தான்.

இதையெல்லாம் ஒரு பக்கக் கடிதமாக மலாயில் எழுதி, தமிழிலும் சீனத்திலும் பெயர்த்து வைத்திருக்கிறோம். முதல் கையெழுத்து பதினோராம் மாடி அக்காவுடையது. பெயர் போட வேண்டாம் அக்கா, வீட்டு எண் போதும் என்றேன். முழுப் பெயரையும் எழுதிவிட்டுத்தான் பேனாவைக் கொடுத்தார். கடிதம் கீழ்த்தளத்து மளிகைக் கடையில் இருக்கிறது. கடை இரவு பத்து வரை திறந்திருக்கும். நம் பிளாக் ஆட்கள் வெள்ளிக்கிழமைக்குள் வந்து படித்துப் பாருங்கள், சரி என்று பட்டால் கையெழுத்துப் போடுங்கள்.